இன்க்ஸ் லேக் ஸ்டேட் பார்க், டெக்சஸ்: நீச்சல், தூண்டில், படகு பற்றிச் சில சந்தேகங்கள்

ரவுண்ட்ராக்_அப்பா:

எல்லோருக்கும் வணக்கம். ஜூன் கடைசியில் ஒரு சனிக்கிழமை, ரவுண்ட் ராக்கிலிருந்து மூன்று குடும்பமாக இன்க்ஸ் லேக் போகலாம் என்று இருக்கிறோம். பிள்ளைகளுக்கு வயது 4, 9, 14. ஊரிலிருந்து வந்திருக்கும் என் அப்பா, அம்மாவும் வருகிறார்கள். பெரியவர்களில் இரண்டு பேருக்குத்தான் நீச்சல் தெரியும்.

முன்பதிவு இல்லாமல் போனால் உள்ளே விடுவார்களா? தண்ணீரில் இறங்கும் இடத்தில் லைஃப்கார்டு உண்டா? சின்னவளுக்குக் கையில் மாட்டும் காற்று வளையம் இருக்கிறது, அது போதுமா? அப்பா திருநெல்வேலிப் பக்கம் குளத்தில் தூண்டில் போட்டுப் பழகியவர். டூரிஸ்ட் விசாவில் வந்தவருக்கு லைசன்ஸ் தருவார்களா, வீச்சு வலை போட விடுவார்களா என்று தினமும் கேட்கிறார். நண்பர் ஒருவர் 17 அடி அலுமினியப் படகைப் பழையதாக வாங்கியிருக்கிறார், 60 குதிரைத்திறன் மோட்டார். ட்ரெய்லரில் கொண்டுவருகிறார், ஏரியில் இறக்குவது இதுதான் முதல் முறை. அவர் 1995-இல் பிறந்தவர். படகு ஓட்டச் சான்றிதழ் வேண்டும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். இது போக, மூளையைத் தின்னும் அமீபா பற்றிய செய்தியைப் பார்த்துவிட்டு அம்மா யாரும் ஏரியில் இறங்கக் கூடாது என்கிறார்.

விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கொலராடோக்கரை:

வணக்கம் நண்பரே. முன்பதிவைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். ஜூன் சனிக்கிழமை என்றால் முன்பதிவு இல்லாமல் கிளம்பாதீர்கள். கூட்டம் நிறைந்ததும் வாசலை மூடிவிடுவார்கள். பகல் நேர அனுமதியை ஒரு மாதம் முன்னதாகவே டெக்சஸ் பார்க்ஸ் அண்ட் வைல்ட்லைஃப் துறையின் தளத்தில் எடுக்கலாம். கட்டணம் ஆளுக்கு 7 டாலர், 12 வயது வரை இலவசம். வருடப் பாஸ் 70 டாலர். அதை வைத்திருப்பவரோடு ஒரே வண்டியில் வருகிற எல்லோருக்கும் நுழைவுக் கட்டணம் கிடையாது. வருடத்தில் இன்னும் இரண்டு மூன்று பார்க் போவதாக இருந்தால் பாஸ்தான் லாபம். ஆனால் பாஸ் இருந்தாலும் அன்றைய இடத்துக்கு முன்பதிவு செய்தாக வேண்டும். பலர் இதை மறந்து வாசலில் நிற்கிறார்கள்.

இனி நீச்சல். டெக்சஸ் ஸ்டேட் பார்க்குகளின் ஏரிக்கரையில் லைஃப்கார்டு கிடையாது. அதனால் காவல் உங்கள் கையில்தான் இருக்கிறது. பத்துப் பெரியவர்கள் கரையில் உட்கார்ந்திருந்தால் பத்துப் பேரும் பார்ப்பதாக நினைத்துக்கொண்டு ஒருவரும் பார்க்காமல் விடுவது எல்லாக் குடும்பத்திலும் நடக்கிறது. முறை போட்டுக்கொள்ளுங்கள். 15 நிமிடத்துக்கு ஒருவர், கையில் போன் இல்லாமல், சாப்பாடு எடுத்து வைக்காமல், தண்ணீரை மட்டும் பார்க்க வேண்டும். முறை மாறும்போது "இப்போது நீங்கள் பார்க்கிறீர்கள்" என்று வாய்விட்டுச் சொல்லி ஒப்படைக்க வேண்டும். மூழ்குகிற குழந்தை கத்தாது, கை வீசாது. வாய் தண்ணீர் மட்டத்துக்கு மேலும் கீழும் போய்வர, நிமிர்ந்த நிலையில் சத்தமே இல்லாமல் அரை நிமிடத்தில், ஒரு நிமிடத்தில் உள்ளே போய்விடும்.

கை வளையம் வேண்டவே வேண்டாம். அது விளையாட்டுச் சாமான். காற்று இறங்கினாலோ, ஈரக் கையிலிருந்து நழுவினாலோ குழந்தை அந்த நொடியே தண்ணீருக்குள். அமெரிக்கக் கடலோரக் காவல்படை ஒப்புதல் என்று உள்ளே அச்சிட்ட லைஃப் ஜாக்கெட்தான் வாங்க வேண்டும். அளவை வயது பார்த்து எடுக்காதீர்கள், எடை பார்த்து எடுங்கள்: 30 பவுண்டுக்குக் கீழே கைக்குழந்தை அளவு, 30 முதல் 50 வரை சிறுவர் அளவு, 50 முதல் 90 வரை அடுத்தது, அதற்கு மேல் பெரியவர் அளவு. நான்கு வயதுப் பிள்ளை 32 பவுண்டு இருந்தால் சிறுவர் அளவில் கால் இடுக்கு வழியாக வரும் பட்டை உள்ளதாகப் பாருங்கள். மாட்டி, எல்லாப் பட்டையும் இறுக்கியபின் தோள்பட்டையில் இரண்டு கையாலும் பிடித்து மேலே தூக்குங்கள். ஜாக்கெட் காதைத் தாண்டி ஏறினால் தளர்வு. தண்ணீரில் முகத்தை மூடிவிடும். பல ஸ்டேட் பார்க்குகளில் இரவல் ஜாக்கெட் வைத்திருக்கிறார்கள், ஆனால் சனிக்கிழமை மதியம் உங்கள் அளவு மிச்சம் இருக்கும் என்று நம்ப முடியாது.

நீச்சல் தெரியாத பெரியவர்களும் ஜாக்கெட் போட்டுக்கொண்டுதான் இறங்க வேண்டும். இடுப்பளவு தண்ணீர்தானே என்பார்கள். இங்கே அடித்தளம் பாறை, அதன் மேல் பாசி. ஒரு அடி தள்ளி ஆழம் மாறும். ஜீன்ஸ், சுடிதார், புடவை நனைந்தால் காலைச் சுற்றிக்கொண்டு நிமிரவே விடாது. காலுக்கு ரப்பர் அடி வைத்த தண்ணீர்ச் செருப்பு எல்லோருக்கும் வாங்கிவிடுங்கள். பாறை விளிம்பும் சிப்பி ஓடும் பாதத்தைக் கிழிக்கும்.

பெரிய மிதவைப் படுக்கை கொண்டுவருவீர்கள் என்றால் ஒன்று கவனியுங்கள். காற்று கரையிலிருந்து ஏரிப் பக்கம் வீசினால் அதை நீருக்குள் கொண்டுபோகவே வேண்டாம். மேலே இருப்பவருக்குத் தெரியாமலே நடு ஏரிக்குப் போய்விடும். நீச்சல் தெரிந்தவர் துரத்திப் போய்க் களைத்து மூழ்குவது இப்படித்தான்.

தக்கை_அசைவு:

அப்பாவுக்கு நல்ல செய்தி. ஸ்டேட் பார்க்குக்குள் கரையில் நின்றோ, மீன்பிடி மேடையில் உட்கார்ந்தோ தூண்டில் போட டெக்சஸில் லைசன்ஸ் வேண்டாம். எந்த நாட்டிலிருந்து வந்தவருக்கும் இதுதான் விதி. ஆனால் இன்க்ஸ் லேக் முழுவதும் பார்க்குக்குள் அடங்கியதல்ல, அதனால் படகில் ஏறித் தூண்டில் போட்ட நிமிடம் லைசன்ஸ் தேவை. வெளியூர்க்காரர் ஒரு நாள் லைசன்ஸ் 16 டாலர், அதை டூரிஸ்ட்டாக வந்தவரும் வாங்கலாம். டெக்சஸில் தொடர்ந்து ஆறு மாதத்துக்கு மேல் குடியிருந்தவருக்கு ஒரு நாள் 11 டாலர், வருடத்துக்கு நன்னீர் மட்டும் 30 டாலர். இந்த 30 டாலர் வருட லைசன்ஸை ஜூனில் வாங்காதீர்கள். எப்போது வாங்கினாலும் ஆகஸ்ட் 31-இல் முடிந்துவிடும். 17 வயதுக்குக் கீழே யாருக்கும் தேவையில்லை.

வீச்சு வலையை வீட்டிலேயே விட்டுவிடச் சொல்லுங்கள். 14 அடி விட்டத்துக்கு மேற்படாத வலை சட்டப்படி உண்டு என்றாலும், அது தூண்டில் இரைக்கான சின்ன மீனுக்கும் விளையாட்டு மீன் பட்டியலில் சேராத இனங்களுக்கும் மட்டும். பாஸ் (bass), கெளுத்தி, க்ராப்பி ஆகிய மீன்கள் எல்லாம் அந்த விளையாட்டு மீன் பட்டியலில் இருப்பவை, வலையில் பிடிக்கக் கூடாதவை. வலையில் விழுந்தால் விட்டுவிட வேண்டும். குளத்தில் பழகிய கைக்கு இங்கே தூண்டிலே போதும்.

இரண்டு விதமாகக் கட்டிக்கொண்டு போகலாம். பிள்ளைகளுக்கு சன்ஃபிஷ்: 6 பவுண்டு தாங்கும் தூண்டில் நரம்பு, 8 அல்லது 10-ஆம் எண் தூண்டில் முள், முள்ளுக்கு ஆறு அங்குலம் மேலே பட்டாணி அளவு ஈயக்குண்டு ஒன்று, அதற்கு இரண்டு மூன்று அடி மேலே சின்னத் தக்கை. இங்கே விற்கும் பெரிய உருண்டைத் தக்கை வேண்டாம், மீன் இழுக்கும்போது கனம் தெரிந்து இரையைத் துப்பிவிடும். மண்புழுவை முழுசாகக் கோர்த்தால் நுனியை மட்டும் கடித்துக்கொண்டு போகும். அரை அங்குலத் துண்டு போதும். அப்பாவுக்குப் பழகிய மைதா உருண்டையும் எடுபடும், ஆனால் கொஞ்சம் பஞ்சைச் சேர்த்துப் பிசைந்தால்தான் தண்ணீரில் கரையாமல் நிற்கும். மேடையின் தூண் நிழல், பாறை ஓரம், தண்ணீரில் விழுந்த கிளை, இங்கெல்லாம் போடுங்கள். ஒரு இடத்தில் பத்து நிமிடம் தக்கை அசையவில்லை என்றால் பத்தடி தள்ளிப் போங்கள்.

கெளுத்திக்கு அடித்தூண்டில்: 12 முதல் 15 பவுண்டு நரம்பில், நடுவில் துளை உள்ள முட்டை வடிவ ஈயம் அரை அல்லது ஒரு அவுன்ஸ் ஓடும்படி விட்டு, ஒரு பாசிமணி, பிறகு சுழல் கண்ணி, அதிலிருந்து ஒன்றரை அடி நரம்பு, முனையில் 2/0 முதல் 4/0 வரையிலான வட்ட முள். ஈயம் நரம்பில் ஓடுவதால் மீன் இரையைக் கவ்வி நகரும்போது கனம் தெரியாது. வட்ட முள்ளில் ஊர் வழக்கப்படி வெடுக்கென்று சுண்டக் கூடாது. சுண்டினால் முள் வாயிலிருந்து அப்படியே வெளியே வந்துவிடும். தூண்டில் கம்பு வளைந்து நிலையாக இழுக்கும்போது மெதுவாகச் சுற்றத் தொடங்கினாலே முள் வாயோரத்தில் தானாகத் திரும்பி ஏறும். முள் விழுங்கப்படாததால் விடவேண்டிய மீனும் பிழைக்கும்.

இரைக்குக் கோழி ஈரல் மலிவு, ஆனால் வீசும்போது பறந்து போகும். முந்தின இரவு கல்லுப்பில் புரட்டி ஃப்ரிட்ஜில் வைத்தால் இறுகும். அப்படியும் மெல்லிய எலாஸ்டிக் நூலால் நாலு சுற்றுச் சுற்றிக் கொள்ளுங்கள். இறால் துண்டும் நல்ல இரை. ஜூன் பகல் வெயிலில் கெளுத்தி ஆழத்தில் கிடக்கும். சூரியன் சாயும் நேரத்தில் கரைக்கு வரும். அதனால் மதியம் நீச்சல், மாலை தூண்டில் என்று வைத்துக்கொண்டால் இரண்டும் ஒன்றோடொன்று மோதாது. பிள்ளைகள் குளிக்கும் பக்கம் யாரும் தூண்டில் வீசக் கூடாது.

அளவுகளை மனப்பாடம் செய்யுங்கள். லார்ஜ்மவுத் பாஸ் 14 அங்குலத்துக்குக் குறைந்தால் விட வேண்டும், பாஸ் இனங்கள் எல்லாம் சேர்த்து நாளைக்கு ஐந்து. வாயை மூடி, வாலைக் குவித்து, பலகை மேல் படுக்க வைத்து அளக்க வேண்டும். டெக்சஸின் மாநில மீனான குவாடலூப் பாஸும் பார்க்க அப்படியே இருக்கும். வாயை மூடியபின் தாடை கண்ணுக்குப் பின்னால் நீண்டால் லார்ஜ்மவுத். சந்தேகம் இருந்தால் விட்டுவிடுங்கள். சானல், நீலக் கெளுத்திகளுக்குக் குறைந்தபட்ச அளவு கிடையாது. இரண்டும் சேர்த்து 25, அதில் 20 அங்குலமும் அதற்கு மேலும் பத்துக்கு மேல் போகக் கூடாது. பார்க்கின் மேடையிலிருந்து பிடிக்கும்போது ஆளுக்கு இரண்டு கம்புக்கு மேல் கூடாது.

கெளுத்தியின் முதுகு முள்ளும் செவுள் ஓர முள் இரண்டும் ஊர்க் கெளுத்தி போலவே குத்தும், அப்பாவுக்குச் சொல்லித் தர வேண்டாம், பிள்ளைகளுக்கு அவர் சொல்லித் தரட்டும். பிடித்ததைக் கயிற்றில் கோர்த்துக் கரைத் தண்ணீரில் தொங்கவிடாதீர்கள். ஜூன் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும், மீன் செத்துச் சதை கூழாகிவிடும். செவுளை அறுத்து இரத்தம் வடியவிட்டு உடனே ஐஸ் பெட்டி. ஒரு பங்கு மீனுக்கு இரண்டு பங்கு ஐஸ். குழம்புக்கு இரண்டு, மூன்று பவுண்டுக் கெளுத்திதான் ருசி. தலைக்குப் பின்னால் சுற்றிக் கீறிக் குறட்டால் தோலை உரித்து, விலாவோரம் ஓடும் சிவப்புச் சதையையும் வயிற்று மஞ்சள் கொழுப்பையும் வழித்து எடுத்துவிடுங்கள். சேற்று வாடை பெரும்பாலும் அதில்தான் தங்கியிருக்கும். பிறகு மஞ்சள், உப்பு, புளித்தண்ணீரில் அரை மணி நேரம். குடலைக் கரையில் போட்டுவிட்டு வராதீர்கள், அது நம் எல்லோருக்கும் கெட்ட பெயர்.

ட்ரெய்லர்_ஹிட்ச்:

படகு நண்பருக்கு. செப்டம்பர் 1, 1993 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர், 15 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட படகை ஓட்டப் படகோட்டிப் படிப்பு முடித்திருக்க வேண்டும். ஆன்லைனிலேயே முடிக்கலாம். சான்றிதழும் புகைப்பட அடையாள அட்டையும் படகில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால், சட்டப்படி ஓட்டத் தகுதியுள்ள 18 வயதுக்கு மேற்பட்ட ஒருவர் படகிலேயே கூட இருக்க வேண்டும். பழைய படகு, புது ஓட்டுநர் என்பதால் சட்டத்துக்காக மட்டுமல்ல, படிப்பை முடித்துவிட்டே வரச் சொல்லுங்கள்.

படகில் ஆளுக்கு ஒரு லைஃப் ஜாக்கெட், 13 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் ஓடும்போது போட்டே இருக்க வேண்டும். 16 அடிக்கு மேல் என்பதால் தூக்கி எறியும் மிதவை ஒன்றும் வேண்டும், அது இருக்கைக்கு அடியில் பூட்டிய பெட்டியில் அல்ல, கை எட்டும் இடத்தில். விசில், தீயணைப்பான், பதிவு அட்டை. எஞ்சினை நிறுத்தும் கயிறு ஓட்டுநரின் உடம்பில் மாட்டியிருக்க வேண்டும். டெக்சஸில் 2019-இலிருந்தும் நாடு முழுக்க 2021-இலிருந்தும் சட்டம். ஓட்டுநர் விழுந்து மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தால் படகு வட்டமடித்து அவர் மேலேயே திரும்பி வரும். படகின் உள்ளே ஒட்டியிருக்கும் தகட்டில் எத்தனை பேர், எத்தனை பவுண்டு என்று இருக்கும். மூன்று குடும்பமும் ஒரே தடவையில் ஏற முடியாது.

முதல் முறை இறக்குபவர்களால் சனிக்கிழமை ராம்ப்பில் (படகை இறக்கும் சிமென்ட் சரிவில்) வரிசை நிற்கும், பதற்றத்தில்தான் தப்பு வரும். எல்லா வேலையையும் சரிவுக்கு முன்னால் உள்ள காலியிடத்திலேயே முடித்துவிட வேண்டும். படகின் வடிகால் துளை அடைப்பானைத் திருகி மாட்டுங்கள். பழைய படகு என்றால் அதன் ரப்பர் வெடித்திருக்கிறதா என்று வீட்டிலேயே பார்த்து உபரி ஒன்று வாங்கி வையுங்கள். ராம்ப்பில் மூழ்கும் படகுகளில் பெரும்பாலானவை இந்தச் சின்னச் சாமான் மறந்ததால்தான். பின்பக்கப் பட்டைகளைக் கழற்றுங்கள், படகை ட்ரெய்லரோடு பிடித்திருக்கும் முன்பக்க வின்ச் பட்டையையும் பாதுகாப்புச் சங்கிலியையும் படகு மிதக்கும்வரை கழற்றாதீர்கள். கழற்றினால் அலுமினியப் படகு உருளையில் வழுக்கி சிமென்ட்டில் விழும். மோட்டாரைத் தூக்கி வையுங்கள், ட்ரெய்லர் விளக்கு இணைப்பைப் பிடுங்கிவிடுங்கள், சூடான பல்ப் குளிர்ந்த தண்ணீரில் வெடிக்கும்.

பின்னோக்கி ஓட்டும்போது ஸ்டியரிங்கின் அடிப்பகுதியைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். ட்ரெய்லரின் பின்முனை எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்தினால் போதும். ஒரு காலி வாகன நிறுத்தத்தில் ஞாயிறு காலை அரை மணி நேரம் பழகினாலே வந்துவிடும். இறங்கும்போது வண்டியை பார்க் கியரில் போட்டு, கைப்பிரேக் இழுத்து, பின் சக்கரத்துக்குக் கட்டை வைக்க வேண்டும். ட்ரெய்லருக்குப் பின்னால் யாரும் நிற்கக் கூடாது. பாசி படிந்த சிமென்ட்டில் காலும் நிற்காது, டயரும் நிற்காது. நீண்ட தூரம் ஓட்டி வந்த சக்கர பேரிங் சூடாக இருக்கும்போதே தண்ணீரில் இறக்கினால் உள்ளே தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு கிரீஸ் கெடும். பத்து நிமிடம் ஆறவிடுங்கள்.

திரும்பும்போது எல்லாத் தண்ணீரையும் வடித்தாக வேண்டும்: அடித்தொட்டி, மீன் தொட்டி, இரை வாளி, மோட்டார். டெக்சஸில் இது சட்டம், காரணம் படகுத் தண்ணீரோடு ஏரிக்கு ஏரி பரவும் வரிக்குதிரைச் சிப்பி. 2009-இல் டெக்சோமா ஏரியில் தொடங்கி, 2017-இல், இன்க்ஸ் லேக் இருக்கும் இதே டெக்சஸ் கொலராடோ ஆற்றின் ஏரிகளில் ஒன்றான ட்ராவிஸுக்கு வந்துவிட்டது. அதன் குஞ்சு கண்ணுக்குத் தெரியாது, ஒரு கை தண்ணீரில் இருக்கும். அதனால்தான் பிடித்த மீனையும் ஏரித் தண்ணீரோடு உயிராகப் படகில் வைத்து எடுத்துச் செல்ல முடியாது.

படகு நிற்கும்போதும் எஞ்சின் ஓடினால் பின்பக்க மேடையில் பிள்ளைகளை உட்கார விடாதீர்கள். கார்பன் மோனாக்ஸைடு அங்கேதான் தேங்கும். மின்சாரம் இழுத்திருக்கும் படகுத்துறையை ஒட்டி நீந்தவும் கூடாது. கசிவு இருந்தால் தண்ணீரிலேயே உடல் மரத்து, நீச்சல் தெரிந்தவரும் மூழ்குவார்.

நீர்ச்சோதனை:

அமீபா பற்றி. நேக்லீரியா ஃபௌலெரி வெதுவெதுப்பான நன்னீரில் எங்கும் இருக்கக் கூடியது, ஆனால் நோய் மிக மிக அரிது. அமெரிக்கா முழுவதும் வருடத்துக்குப் பத்துக்கும் குறைவு. தண்ணீரைக் குடிப்பதால் வராது. மூக்கு வழியாக அழுத்தத்தோடு மேலே ஏறினால்தான். எனவே குதிக்கும்போதும் முங்கும்போதும் மூக்கைப் பிடிக்க வேண்டும் அல்லது மூக்குக் கிளிப் போட வேண்டும். சூடான ஆழமில்லாத இடத்தில் அடிச்சேற்றைக் கலக்கி விளையாட விடாதீர்கள். இரண்டு வாரத்துக்குள் கடும் தலைவலி, காய்ச்சல், கழுத்து விறைப்பு வந்தால் ஏரியில் குளித்ததை மருத்துவரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். அம்மாவிடம் சொல்ல வேண்டியது இதுதான்: அந்த ஏரியில் ஜாக்கெட் இல்லாமல் இறங்குவதன் ஆபத்து இதைவிடப் பலமடங்கு பெரியது.

பச்சை வண்ணம் கொட்டியது போலவோ, கரையில் பாய் போலவோ பாசி திரண்டிருந்தால் அந்த இடத்தில் இறங்க வேண்டாம். நாயை முக்கியமாக விடாதீர்கள். 2019-இல் ஆஸ்டினின் லேடி பேர்ட் ஏரியில் நாய்கள் இறந்தது இந்த நீலப்பச்சைப் பாசி நஞ்சால்தான்.

ரவுண்ட்ராக்_அப்பா:

மிக்க நன்றி, எல்லோருக்கும். ஜாக்கெட்டுகளை எடை பார்த்தே வாங்குகிறோம். நண்பர் இன்றே படிப்பில் சேர்ந்துவிட்டார். இன்னும் இரண்டு: 14 வயது மகன் டெவில்ஸ் வாட்டர்ஹோல் பாறையிலிருந்து குதிக்க வேண்டும் என்கிறான். 9 வயதுப் பெண்ணோடு நான் கயாக் வாடகைக்கு எடுக்கலாமா? கவிழ்ந்தால் எப்படி ஏறுவது?

கொலராடோக்கரை:

குதிப்பதற்கு நான் சம்மதம் சொல்ல மாட்டேன். பார்க்குக்குள் மிக அழகான இடம் அது, இளஞ்சிவப்புப் பாறை நூறு கோடி ஆண்டுகளுக்கும் பழையது. ஆனால் தண்ணீருக்கு அடியில் பாறை எங்கே நீட்டிக்கொண்டிருக்கிறது என்று மேலிருந்து தெரியாது, கீழே யார் நீந்துகிறார்கள் என்பதும் தெரியாது, ஈரப் பாறையில் கால் வழுக்கினால் விழும் கோணமே மாறிவிடும். ஜாக்கெட்டோடு அதற்குள் நீந்திப் போய் மிதந்து பார்க்கட்டும். கயாக்கிலும் போகலாம்.

கயாக் பார்க் கடையில் வாடகைக்குக் கிடைக்கும். மேலே உட்காரும் வகை, இருவர் அமரக்கூடியது எடுங்கள். பாரம் கூடியவர் பின்னால், பெண் முன்னால். காலையிலேயே எடுங்கள், மதியத்துக்கு மேல் காற்று கிளம்பும். முதலில் காற்றை எதிர்த்துத் துடுப்புப் போடுங்கள், களைத்துத் திரும்பும்போது காற்றே தள்ளும். கரையை ஒட்டியே போங்கள். மோட்டார் படகின் அலை வந்தால் முன்முனையை அலைக்கு நேராகத் திருப்புங்கள், பக்கவாட்டில் வாங்கினால் கவிழும்.

கவிழ்ந்தால் முதலில் பிள்ளை, பிறகு கயாக், கடைசியில்தான் துடுப்பு. கயாக்கை விட்டு நீந்தாதீர்கள். நடுப்பகுதியில் எதிர்ப்பக்க விளிம்பைப் பிடித்து, காலைத் தண்ணீர் மட்டத்துக்குக் கொண்டுவந்து உதைத்து, வயிறு குறுக்கே படும்படி ஏறுங்கள். அப்படியே புரண்டு உட்கார்ந்த பிறகு காலை உள்ளே எடுங்கள். நேராக முட்டி போட்டு ஏறப் போனால் கயாக் உங்கள் மேல் புரளும். நீங்கள் ஏறியபின் பிள்ளையின் ஜாக்கெட் தோள்பட்டையைப் பிடித்து இழுத்துக்கொள்ளலாம். கிளம்பும் முன் கரையோரம் மார்பளவு தண்ணீரில் இதை இரண்டு முறை செய்து பாருங்கள்.

தக்கை_அசைவு:

ஒன்று விட்டுப்போனது. படகுக்குப் பின்னால் மிதவையைக் கட்டிப் பிள்ளைகளை இழுப்பதாக இருந்தால் ஓட்டுநர் தவிர 13 வயது நிரம்பிய ஒருவர் பின்னால் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், இல்லையேல் பின்பார்வைக் கண்ணாடி இருக்க வேண்டும். உங்கள் மகனுக்கு 14 என்பதால் அவனையே உட்கார வைக்கலாம். இடி சத்தம் கேட்டால் எல்லோரும் கரை, கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் தண்ணீரில் இறங்க வேண்டாம். பீர் பெட்டியைக் கொண்டுவர வேண்டாம் என்று மற்ற இரண்டு குடும்பத்துக்கும் சொல்லிவிடுங்கள். பார்க்குக்குள் வெளிப்படையாகக் குடிப்பதும், வைத்திருப்பது வெளியே தெரிவதும் தடை. அப்பாவுக்கு ஈரல் ஒரு பவுண்டு தாராளம்.